மூச்சு நின்ற நேரத்திலிருந்து முப்பத்தோராம் நாள் வரை

போன மாசி மாதம் ஒரு நாள் அதிகாலை 3 மணிக்கு எங்கள் படலையில் யாரோ தட்டினார்கள். பின்வளவுப் பெடியன். "அண்ணை, அப்பாவுக்கு மூச்சு இல்லை. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை" என்றான். இருபத்தாறு வயது. உழவு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவான், கிணற்றுக்குள் இறங்கி மோட்டார் பம்ப் திருத்துவான். ஆனால் ஒரு செத்தவீட்டை முன்னின்று நடத்த அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் சிறுவனாக இருந்து பார்த்துப் பழக வேண்டிய காலத்தில் போர் நடந்தது, எங்களுக்குள் செத்துப்போனவர்கள் பலருக்குச் செத்தவீடே நடக்கவில்லை. அவனைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளைப் பக்கத்தில் ஒரு கிராமத்து மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். பதின்மூன்று வருடமாயிற்று. சங்கத்திடம் இரண்டு பெரிய தறப்பாள், எண்பது பிளாஸ்டிக் கதிரை, ஒரு கிடாரம், ஒரு தடித்த கொப்பி இருக்கின்றன. கொப்பியில் இதுவரை 111 பெயர். அந்த 111 வீட்டிலும் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில், உண்மையாகவே முடிந்துவிட்டதா என்று பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, கழுத்தின் பக்கவாட்டில் துடிப்பு இருக்கிறதா, ரோச் லைற் அடித்தால் கண்மணி சுருங்குகிறதா என்று பாருங்கள். சின்னச் சந்தேகம் இருந்தாலும் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். அதற்குக் காசு இல்லை. பாம்பு கடித்தவர் என்றால் வீட்டில் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். சில பாம்பின் நஞ்சு உடம்பு முழுவதையும் மரக்கச் செய்துவிடும். கண்மடலைக்கூட அசைக்க முடியாமல், செத்தவர் போலவே கிடப்பார்கள், உள்ளே உயிர் இருக்கும். ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு உதவி கொடுத்தால் பிழைத்து வருவார்கள். எங்கள் பக்கத்தில் நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்கள் அதிகம், இதை மறக்க வேண்டாம்.

முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை எழுதி வையுங்கள். அழுகைக்கு நடுவில் இது சிறிய வேலையாகத் தெரியும். ஆனால் திதி பார்க்க அந்த நேரம் வேண்டும். வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி நடந்தது என்பதை வைத்துத்தான் வருடா வருடம் திவசம் வரும். ஒரு திதி முடிந்து அடுத்தது தொடங்கும் நேரத்தில் போனவருக்கு அரை மணித்தியாலம் மாறினாலும் திதி மாறிவிடும். நான் எழுதிய பெயர் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நேரம் இருக்கிறது.

அடுத்தது, எப்படிச் செத்தார் என்ற விடயம். வருத்தமாகக் கிடந்து, கிளினிக் கொப்பியும் இருந்து, வயதும் போய் இறந்தவர் என்றால் நீங்கள் மேற்கொண்டு செய்யலாம். குளத்தில் தாண்டவர், பனையால் விழுந்தவர், விபத்தில் போனவர், தன் உயிரைத் தானே எடுத்தவர், காரணம் தெரியாமல் திடீரென்று விழுந்தவர் என்றால் குளிப்பாட்டவும் வேண்டாம், உடுப்பு மாற்றவும் வேண்டாம். கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்து, தேவையென்றால் பிரேத பரிசோதனைக்கு அனுப்புவார். ஆத்திரப்பட்டு நாங்களே தூக்கிக் கொண்டுபோய் எரித்தால் பிறகு அந்தக் குடும்பம்தான் அலையும்.

இனி உடம்பு. கண்ணை மெதுவாக மூடி விரலால் கொஞ்ச நேரம் பிடியுங்கள். வாய் திறக்காமல் நாடியைச் சேர்த்துத் தலையைச் சுற்றித் துணியால் கட்டுங்கள். கைகளை நேராக்குங்கள். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். தெற்கே தலை வைத்துக் கிடத்தி, தலைமாட்டில் குத்துவிளக்கு ஏற்றுங்கள். இவை சடங்கு மட்டும் இல்லை. உயிர் போய் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தாடையிலும் கழுத்திலும் விறைப்புத் தொடங்கும். பிறகு கை கால் முழுவதும் பரவி, ஏறக்குறைய 12 மணித்தியாலத்தில் மரக்கட்டை போல இருக்கும். அதற்குள் வாயைக் கட்டாவிட்டால் திறந்த வாய் திறந்தபடிதான். பிறகு பலமாக மூட வெளிக்கிட வேண்டாம். ஒரு நாள், ஒன்றரை நாள் போக அது தானாகவே தளரும், எங்கள் வெயிலுக்கு இன்னும் முந்தித் தளரும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். குளிப்பாட்டத் திருப்பியபோது கிழவரின் முதுகெல்லாம் நாவற்பழ நிறத்தில் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த மருமகன் பார்த்துவிட்டு, கிழவருக்கு யாரோ அடித்திருக்கிறார்கள் என்று கத்தத் தொடங்கிவிட்டார். பத்து வருடம் கிழவரைப் பார்த்த மூத்த மகள் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தாள். அடியும் இல்லை, நஞ்சும் இல்லை. இதயம் நின்றதும் இரத்தம் ஓடாமல் கீழ்ப்பக்கம் இறங்கித் தங்கும். மல்லாக்கக் கிடந்தவருக்கு முதுகில்தான் தெரியும். நிலத்தில் அழுந்திய தோளும் பிட்டமும் மட்டும் வெளிறிப்போய் இருக்கும். எல்லோருக்கும் வரும். அதேபோல உடம்பைத் திருப்பும்போது நெஞ்சுக்குள் நின்ற காற்று வெளியே வந்து முனகல் போலக் கேட்கும். பயப்பட வேண்டாம். குளிப்பாட்டப் போகும்முன் இந்த இரண்டையும் வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். நான் இப்போது கட்டாயம் சொல்கிறேன்.

எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்? சித்திரை, வைகாசி வெயிலில் ஒன்றும் செய்யாமல் ஒரு நாள் தாண்ட முடியாது. கனடாவிலிருந்து மகன் வர வேண்டும் என்றால் பிரேதச் சேவை செய்யும் மலர்ச்சாலைக்காரரைக் கூப்பிட்டு, உடம்பு பழுதாகாமல் மருந்து ஏற்றலாம். ஆனால் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: மூன்று நான்கு நாள் வைத்திருப்பது வீட்டிலிருக்கும் தாய்க்குப் பெரிய வதை. அவர் சாப்பிட மாட்டார், படுக்க மாட்டார். பிரேதம் கிடக்கும் வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலட்டைதான் தேத்தண்ணியும் சாப்பாடும் கொண்டுவர வேண்டும். வெளியில் இருக்கும் பிள்ளை வர முடியாவிட்டால் போனில் வீடியோ காட்டுங்கள். அதற்கென்று நிதானமான ஒருவரை வையுங்கள், முகத்தருகே போனைக் கொண்டுபோய்ச் சில நிமிடம் அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை பேச நினைப்பதைப் பேசட்டும்.

பத்திர வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் நடந்த மரணத்தை 5 நாளுக்குள் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். முதலில் கிராம அலுவலரிடம் போங்கள், எங்கள் பக்கத்தில் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். அவர் அறிக்கை தருவார். அதை அந்தப் பிரிவின் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, கிளினிக் கொப்பி, எது கையில் இருக்கிறதோ எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவருக்குப் பத்திரத்தை ஆஸ்பத்திரியே தரும். பதிவாளர் எழுதும்போது பக்கத்தில் நின்று பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் வாசியுங்கள். ஒரு கந்தோரில் எங்கள் சங்க உறுப்பினர் ஒருவரின் தகப்பன் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள். மனைவிக்குச் சேர வேண்டிய காசு வர இரண்டு வருடம் பிடித்தது.

வன்னியில் இன்னொரு விடயம் காணி. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடுப் பக்கக் குடியேற்றத் திட்டக் காணிகள் பல, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. அனுமதிப்பத்திரக்காரர் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் காணி சேர வேண்டியவரை, நியமித்துப் பதிந்திருந்தால் பிரச்சினை குறைவு. பின்னுரித்து உள்ளவர், மரணம் நடந்து 6 மாதத்துக்குள் காணிக்குள் வர வேண்டும். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடிந்த கையோடு செயலகத்துக்குப் போங்கள். ஒரே பந்தலில் ஒன்றாக அழுத அண்ணன் தம்பி, இந்தப் பத்திரத்தால் கதை பேச்சில்லாமல் போனதை நான் நாலைந்து வீட்டில் பார்த்திருக்கிறேன்.

கிரியை நடக்கும் நாளில் சங்கம் பந்தல் போடும், கதிரை போடும். குருக்களும் பறையும் வரும். பறை அடிக்க வருபவர்களுக்கும் கதிரை போடுங்கள், வந்தவுடன் தேத்தண்ணி கொடுங்கள், பேசிய காசை மயானத்துக்குப் போகும்முன் கையில் கொடுங்கள். அவர்களைப் படலைக்கு வெளியே நிறுத்தும் வீட்டுக்கு எங்கள் சங்கத்துக் கதிரை போகாது என்று 2016இல் தீர்மானம் எழுதினோம். இன்றைக்கும் அதுதான் நடைமுறை.

அறுகம்புல்லால் எண்ணெய், பால், அரப்பு வைத்து, தோய வார்த்து, புது உடுப்பு உடுத்திப் பந்தலுக்குள் கொண்டுவருவார்கள். உரலில் சுண்ணம் என்ற வாசனைப் பொடி இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாட வேண்டும், 20 பாட்டு. இப்போது பலர் போனில் போட்டுவிடுகிறார்கள். பாடத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் அவரைக் கூட்டி வாருங்கள். தொண்டை அடைத்தாலும் மனிதக் குரலில் கேட்பது வேறு. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கும்போது அவர்களுக்கு நைலோன் சட்டை போட வேண்டாம், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். பிறகு வாய்க்கரிசி. அவசரப்படுத்த வேண்டாம், அந்த வீட்டுப் பெண்களில் பலர் முகம் பார்ப்பது அதுதான் கடைசி. எங்கள் வழக்கத்தில் அவர்கள் படலையோடு நின்றுவிடுவார்கள்.

கொள்ளி வைப்பது தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் என்பார்கள். போர் முடிந்த 2009க்குப் பிறகு ஆண்பிள்ளை இல்லாமல் நிற்கும் வீடுகள் எங்களிடம் எத்தனையோ. தூரத்து உறவில் ஒரு பெடியனைத் தேடிப் பிடித்து, செத்தவரை ஒரு நாளும் பார்த்திராத அவன் கையில் கொள்ளியைக் கொடுப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மகள், "நான்தான் அம்மாவைத் தூக்கித் தூக்கிக் குளிப்பாட்டினேன், நானே வைக்கிறேன்" என்றாள். குருக்களும் சம்மதித்தார். குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றினாள். சில ஆட்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

மயானத்துக்கு முதலே பிரதேச சபைக்கு அறிவித்துவிடுங்கள். விறகு ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி நிறைய வேண்டும், காய்ந்ததாக இருக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் சிதையின் அடியில் பச்சைத் தடியைக் குறுக்கே போட்டு உயர்த்தி, மேலே தகரத்தைச் சரிவாகப் பிடித்துக்கொண்டுதான் அடுக்குவோம். நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லி எடுப்பியுங்கள், நெருப்பில் அது வெடிக்கும். எங்கள் மண்ணுக்கே உரிய எச்சரிக்கை இன்னொன்று: புது இடத்தில் சிதை அடுக்க வேண்டாம், குழி வெட்டவும் வேண்டாம். முன்பு எரித்த இடத்திலேயே எரியுங்கள். மண்ணுக்குள் போர்க்காலத்து வெடிக்காத செல் கிடந்தால் மேலே மூட்டும் நெருப்புப் போதும். துருப்பிடித்த உலோகம் ஏதாவது தெரிந்தால் கை வைக்காமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். அப்புறம், பின்னேரம் 3 மணிக்காவது வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எங்கள் மயானப் பாதை காட்டோரம், பொழுதுபட்டால் யானை இறங்கும். சிதை நன்றாக எரிந்து அடங்க நாலைந்து மணித்தியாலம் பிடிக்கும்.

அடுத்த நாளோ மூன்றாம் நாளோ காடாத்து. தண்ணீரும் பாலும் தெளித்து ஆற்றி, காலிலிருந்து தலைவரை எலும்பை எடுத்து முட்டியில் சேர்ப்பார்கள். அறுபது எழுபது கிலோ இருந்த மனிதர் கையில் இரண்டு மூன்று கிலோவாக வருவார். அதை முதன்முதலில் தூக்கும் மகன்மார் எல்லோரும் முட்டியை ஒருமுறை குனிந்து பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தார் கீரிமலைக்குப் போவார்கள். எங்களுக்கு முல்லைத்தீவுக் கடல் கிட்ட.

எட்டில் செத்தவருக்குப் பிடித்தது எல்லாம் சமைத்துப் படைப்பார்கள், மச்சமும் உண்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, அதோடு வீட்டுக்கிருத்தியம். அதுவரை துடக்கு, கோயிலுக்குப் போவதில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குள் ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டார் தூர நின்றே கும்பிடுவார்கள். இந்த இரண்டு செலவுக்கும் நுண்கடன் எடுக்க வேண்டாம், கைகூப்பிக் கேட்கிறேன். ஐநூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, வாராவாரம் கடன்காரர் படலையில் நிற்க, செத்தவருடைய பெண்சாதி பின்கதவால் ஓடி ஒளிந்ததைப் பார்த்திருக்கிறேன். குருக்களுக்குத் தட்சணை, பத்துப் பேருக்குச் சோறு, ஒரு பருப்பு, ஒரு பூசணிக்காய். அது போதும். கல்வெட்டு, அதாவது செத்தவரின் நினைவுப் புத்தகம், அச்சடிக்க வசதி இருந்தால் அதைச் செய்யுங்கள். இடம்பெயர்ந்து படமும் பத்திரமும் தொலைத்த எங்களுக்கு, பேரன் பூட்டன் பெயர் ஒரு இடத்தில் எழுதிக் கிடப்பது பெரிய காரியம்.

கரையோரத்துக் கத்தோலிக்கச் சனம் அடக்கம் செய்து, முப்பத்தோராம் நாள் பூசை வைப்பார்கள். கார்த்திகை 2ஆம் திகதி, நவம்பர்க் கணக்கில், கல்லறைகளுக்கு மெழுகுதிரி ஏற்றுவார்கள். முஸ்லிம் சகோதரர்கள் முடிந்தளவு அன்றே அடக்கிவிடுவார்கள். அந்த வீடுகளுக்குப் போனால் அவர்கள் சொல்வதைக் கேட்டு நில்லுங்கள், அதுதான் முறை.

சரி, உயிர் எங்கே போகிறது? காடாத்து முடிந்து திரும்பும்போது யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்காமல் விடுவதில்லை. எங்கள் சைவம் சொல்வது இதுதான்: இந்தத் தூல உடம்பு ஐந்து பூதத்தில் கலந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுடம்பு உயிரோடு சேர்ந்து போகும். செய்த வினைக்கு ஏற்றபடி இன்னொரு பிறவி வரும். ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலமும் கழன்றால் பிறவி நின்று சிவனடி சேரும். ஊர்க் கிழவிகள் சொல்வது இன்னும் கிட்டவாக இருக்கும்: முப்பத்தொன்று வரை உயிர் வீட்டைச் சுற்றித்தான் நிற்கும், அதனால் விளக்கை அணைய விடாதே, தண்ணீர்ச் செம்பை வெறுமையாக வைக்காதே. நான் இரண்டையும் நம்புகிறேன். செத்தவரின் கட்டில் பக்கத்தில் முப்பது நாள் தண்ணீர் மாற்றி வைத்த மகள்கள், முப்பத்தோராம் நாள் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பதைக் கண்டிருக்கிறேன்.

என் அம்மா 2009 பங்குனியில், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் போனார். பிற்பகல் 2 மணி 10 நிமிடம். பெட்டியும் இல்லை, பறையும் இல்லை. இரண்டு தறப்பாள் கொட்டிலுக்கு இடையில் மணலைத் தோண்டினோம். கஞ்சிக்கென்று ஒரு சுண்டு அரிசி இருந்தது. அக்கா அதில் ஒரு சிட்டிகை எடுத்து அம்மாவின் வாயில் போட்டார். மிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் காய்ச்சினோம். முப்பத்தோராம் நாள் நான் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றேன். விரலில் நாளை எண்ணிக்கொண்டு நின்றேன், வேறொன்றும் செய்யவில்லை. 2012இல் ஊருக்குத் திரும்பி வந்து தேடியபோது அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. குருக்கள் ஒருவர், திகதியும் நேரமும் தெரியுமா என்று மட்டும் கேட்டார். பழைய பஞ்சாங்கத்தில் திதி எடுத்தார். தர்ப்பையில் உருவம் செய்து, கொள்ளி வைத்து, அந்தியேட்டி வரை முடித்துத் தந்தார். பிந்திச் செய்யலாமா என்று தயங்குபவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: செய்யலாம். திகதியே தெரியாவிட்டால் தகப்பனுக்கு ஆடி அமாவாசை இருக்கிறது, தாய்க்குச் சித்திராப் பௌர்ணமி இருக்கிறது. அன்றைக்கு முல்லைத்தீவுக் கடற்கரைக்கு வாருங்கள், உங்களைப் போல எத்தனையோ பேர் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆனால் போரில் காணாமற்போனவரின் வீட்டுக்குப் போய் இதைச் சொல்ல வேண்டாம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டத்துக்கு உட்கார்ந்தபோது அவர்கள் கேட்டது அந்தியேட்டி இல்லை, பிள்ளையை. "இன்னும் எத்தனை நாளைக்கு, ஒரு விளக்கைக் கொளுத்திவிடு" என்று யாரும் சொல்லக்கூடாது. அவர்களாக வந்து கேட்டால் வழி சொல்லுங்கள். பத்திரத்துக்கும் அப்படித்தான்: மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இல்லாதவர்களுக்கு, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றை 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தந்திருக்கிறது. அதை எடுப்பதால் பிள்ளை செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது. அந்த வீட்டுச் சுவரில் இருக்கும் படத்துக்கு மாலை போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பெடியனுடைய அப்பாவின் அந்தியேட்டி பங்குனியில் முடிந்தது. அடுத்த வாரமே அவன் சங்கத்தில் சேர்ந்து, தறப்பாளின் கிழிசலைத் தைத்துக் கொடுத்தான். இப்போது இரவில் யாராவது வந்து தட்டினால் நாங்கள் இரண்டு பேராகத்தான் போகிறோம். அவன் ரோச் லைற் பிடிக்க, நான் நேரத்தை எழுதுவேன். என்னுடைய காணிப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதி, யார் கொள்ளி வைப்பது என்று எழுதிய தாள் எல்லாம் அலுமாரியின் மேல்தட்டில் பழைய மா டின்னுக்குள் இருக்கிறது. என் மனைவிக்கும் மகளுக்கும் தெரியும், அவனுக்கும் காட்டிவிட்டேன். தாளில் மகளின் பெயர்தான் இருக்கிறது.